பட்டியலில் வராத காட்சிகள்

சிங்கப்பூரில், தொலைக்காட்சித் தொடர்களுக்கு நாட்டுக்கொரு பதிப்பு தயாரித்துக் கொடுக்கும் ஓர் எடிட்டிங் நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒரே தொடர் ஒரு நாட்டுக்கு முழுசாகப் போகும். இன்னொரு நாட்டுக்கு முத்தம் இல்லாமல் போகும். மூன்றாவது நாட்டுக்கு மதுவும் கழிந்து போகும். எதை எடுக்க வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்வதில்லை. அதற்கென்று ஒருவர் தனியே உட்கார்ந்து முழுப் பகுதியையும் பார்த்துப் பட்டியல் எழுதுவார். ஐம்பதைத் தாண்டிய சீனப் பெண்மணி, அலுவலகம் முழுக்க அவர் 'ஆன்ட்டி'தான். எந்த நிமிடம், எந்த நொடி, எந்த பிரேமில் தொடங்கி எதில் முடிகிறது என்று அழகான கையெழுத்தில் இருக்கும். அந்தப் பட்டியலோடு, தொடர் பதிந்த டிஜிபீட்டா வீடியோ நாடா எங்கள் மேசைக்கு வரும்.

அப்படி வந்ததுதான் 'செக்ஸ் அண்ட் த சிட்டி'. 1998 ஜூனில் தொடங்கி 2004 பிப்ரவரியில் முடிந்த, எச்.பி.ஓ. என்கிற அமெரிக்கக் கட்டண அலைவரிசையின் தொடர், ஆறு பருவம், 94 பகுதி. நியூயார்க்கில் நான்கு தோழிகள்: பத்திரிகையில் பத்தி எழுதும் கேரி, வழக்கறிஞர் மிராண்டா, ஓவியக் கூடத்தில் வேலை பார்க்கும் ஷார்லட், விளம்பரத் தொடர்பு நிறுவனம் நடத்தும் சமந்தா. அவர்களுடைய காதல்கள், கள்ளக்காதல்கள், முறிவுகள், மறுபடியும் அதே ஆளிடம் போய் விழுவது. கதை இவ்வளவுதான்.

சிங்கப்பூரில் இந்தத் தொடருக்குத் தடை இருந்தது. 2004இல்தான் நீங்கியது, அதுவும் வெட்டுகளோடு. அந்த வருடம் ஊரே கொஞ்சம் தளர்ந்துகொண்டிருந்தது. பாரில் மேசைமேல் ஏறி ஆட அதற்கு முந்தைய வருடமே அனுமதி கொடுத்திருந்தார்கள். 1982 முதல் தடையில் இருந்த காஸ்மோபாலிடன் என்கிற பெண்கள் இதழும் 2004இல் கடைக்கு வந்தது. அமெரிக்கா மட்டும் சும்மா இருந்ததா என்றால் இல்லை. அங்கேயும் டி.பி.எஸ். அலைவரிசை 2004 ஜூனில் இந்தத் தொடரைச் சுத்தப்படுத்தித்தான் ஒளிபரப்பத் தொடங்கியது. இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்து, படப்பிடிப்பின்போதே சில காட்சிகளுக்கு அடக்கமான மாற்று வடிவத்தையும் எடுத்து வைத்திருந்தார்கள். கெட்டிக்காரர்கள்.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நாடாவில் நான்கு ஒலித்தடங்கள். முதல் இரண்டில் எல்லாம் கலந்த ஒலி. அடுத்த இரண்டில் பேச்சை மட்டும் எடுத்துவிட்டு, இசையும் சுற்றுப்புறச் சத்தமும். பட்டியலில் ஒரு சொல் இருந்தால், அந்தச் சொல் வரும் இடத்தில் மட்டும் பின்னிரண்டு தடங்களுக்கு மாற்றிவிடுவோம். காப்பிக்கடையில் கோப்பையும் முள்கரண்டியும் உரசும் சத்தம் தொடரும், வாய் அசையும், சொல் இருக்காது. பார்க்கிறவர்களோ மூலத்தில் இருந்ததைவிட மோசமான சொல்லை அந்த இடத்தில் தாங்களே போட்டுக்கொள்வார்கள். எங்கள் உதவியாளர் பையன் ஒருவன் அப்படி ஊகித்துச் சொன்ன சொற்களைக் கேட்டால் சமந்தாவே வெட்கப்பட்டிருப்பாள்.

படத்தை வெட்டுவது இன்னும் சுலபம். படுக்கையறைக் காட்சி தொடங்கும் இடத்தில் நிறுத்தி, மறுநாள் காலையில் சேர்த்துவிடலாம். கேரியின் குரல் படத்துக்கு மேலே ஓடிக்கொண்டே இருப்பதால் ஒட்டுப்போட்ட இடம் பெரும்பாலும் தெரியாது. கட்டண அலைவரிசைக்காக எடுத்த தொடர், விளம்பர இடைவெளியே இல்லாமல் அரை மணி நேரத்தை நெருங்கி ஓடுவது. விளம்பரம் போடும் அலைவரிசைக்கு எப்படியும் சில நிமிடங்களைக் குறைத்தே ஆக வேண்டும். ஆகையால் அலைவரிசைக்காரர்களுக்கு வெட்டில் வருத்தம் ஏதும் இல்லை.

பட்டியலை அப்படியே நிறைவேற்றினால் சுத்தமான தொடர் கிடைக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மூன்றாம் பருவத்தில் அது உதைத்தது.

மூன்றாம் பருவத்தில் கேரி, எய்டன் என்கிற நல்லவனைக் காதலித்துக்கொண்டே, பழைய காதலன் பிக்கை ரகசியமாகச் சந்திக்கிறாள். பிக்குக்கு அப்போது கல்யாணமாகிவிட்டது, மனைவி பெயர் நடாஷா. முதலில் பெரிய ஓட்டலில் சந்திக்கிறார்கள். போகப்போக ஓட்டலின் தரம் இறங்கிக்கொண்டே வருகிறது. கடைசியில் மட்டமான விடுதி, மங்கலான விளக்கு, கசங்கிய விரிப்பு. வசனம் எதுவும் சொல்லாத தீர்ப்பை அந்த அறைகள் சொல்லிவிடும். ஆனால் அவை படுக்கையறைகள். பட்டியலில் இருந்தன. பட்டியல்படி எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால், அந்தக் கள்ளக்காதல் அழகாகிவிட்டிருந்தது. தெருவில் ஒரு பார்வை, தொலைபேசியில் ஒரு தயக்கம், காரில் ஒரு பெருமூச்சு. ஏதோ விதி பிரித்த காதலர்கள்போல! அசிங்கமான பகுதி முழுக்க எங்கள் தரையில் கிடந்தது. ஒழுக்கத்தைக் காப்பாற்ற வெட்டிய வெட்டு, ஒழுக்கமின்மைக்குப் பவுடர் பூசி அனுப்பியது.

நான் இதை ஆன்ட்டியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "எனக்குத் தெரியாதா? ஆனால் விதிமுறையில் 'அசிங்கமாகத் தெரிந்தால் விட்டுவிடலாம்' என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா, காட்டு" என்றார். எழுதியிருக்கவில்லை.

நல்லவேளை, நடாஷாவை யாரும் வெட்டவில்லை. தன் வீட்டுக்குள் கேரியைக் கண்டுபிடித்து, துரத்திக்கொண்டு படியிறங்கும்போது தடுக்கி விழுந்து பல்லை உடைத்துக்கொள்கிறாள். கேரியேதான் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறாள். பிற்பாடு நடாஷா மதிய உணவு சாப்பிடும் இடத்துக்கே கேரி போய் நின்று மன்னிப்புக் கேட்கிறாள். என் கல்யாணத்தைக் கெடுத்தது போதாதென்று சாப்பாட்டையும் கெடுக்க வந்தாயா என்கிற மாதிரி நடாஷா பதில் சொல்கிறாள். மன்னிப்புக் கேட்பது சில நேரம் கேட்பவரின் வசதிக்காகத்தான் என்பதை இத்தனை சுருக்கமாக வேறெந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை. பட்டியலில் இந்தக் காட்சிக்கு ஒரு கோடுகூட இல்லை.

சமந்தாவின் கதை வேறு மாதிரி. ஒவ்வொரு பகுதியிலும் கேரி கணினியில் ஒரு கேள்வியைத் தட்டுவாள். அந்தக் கேள்விக்கு நான்கு பேரும் நான்கு திசையில் பதில் தேடுவார்கள். சமந்தாவின் பதில் எப்போதும் படுக்கையறையில்தான் இருக்கும், அது எப்போதும் பட்டியலில் இருக்கும். எடுத்துவிட்டால் அவள் காப்பிக்கடை மேசைக்கு வந்து ஒரு நக்கல் அடித்துவிட்டுப் போகிறவளாக மட்டும் மிஞ்சினாள். நான்கு கால் மேசையில் ஒரு காலை அறுத்த கதை. ஆறாம் பருவத்தில் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. தலைமுடி கொட்டும்போது, வயதில் இளையவனான அவள் காதலன் ஸ்மித் தன் தலையையும் மழித்துக்கொள்கிறான். அதுவரை உடம்பைக் கொண்டாடியே வாழ்ந்தவள் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் காட்சி முழுசாக இறங்கும். எங்கள் பதிப்பை மட்டும் பார்த்தவர்களுக்கு, வாயாடிப் பெண் ஒருத்திக்கு நோய் வந்துவிட்டது, அவ்வளவுதான். (2021இல் இதன் தொடர்ச்சி வந்தபோது சமந்தாவாக நடித்த கிம் கேட்ரல் நடிக்க வரவில்லை. ஆளே இல்லாமல், செல்பேசிச் செய்தியாக மட்டும் சமந்தா வந்தாள். நாங்கள் அவ்வளவு தூரம் போனதில்லை.)

ஒரே ஒரு காட்சிக்காக ஆன்ட்டியோடு மல்லுக்கட்டினேன். நான்காம் பருவத்தில் மிராண்டாவின் அம்மா இறந்துபோகிறார். சாவுக்குப் போட்டுக்கொள்ள உடை வாங்கப் போன இடத்தில், உடை மாற்றும் அறையில் நிற்கிறாள் மிராண்டா. உள்ளாடைக் கடைக்காரம்மா ஒருத்தி அனுமதியே கேட்காமல் உள்ளே நுழைந்து, நீ போட்டிருக்கும் அளவே தப்பு என்று பட்டையை இழுத்துச் சரிசெய்யப் பார்க்கிறாள். வேண்டாம் என்று எரிந்து விழும் மிராண்டா, அம்மா செத்துப்போன விஷயத்தை அங்கேயே சொல்லிவிட்டு, முன்பின் தெரியாத அந்தப் பெண்மணியின் தோளில் உடைந்துபோகிறாள். பட்டியலில் 'உள்ளாடை' என்று போட்டு, காட்சி மொத்தத்தையும் அடைத்து ஒரு கோடு.

அதை எடுத்தால் பிறகு வரும் சவ ஊர்வலம் நிற்காது என்றேன். தேவாலயத்தில் மற்ற உறவினர்கள் ஜோடி ஜோடியாக நடக்க, மிராண்டா சவப்பெட்டிக்குப் பின்னால் தனியாக வருவாள். கேரி தன் இருக்கையை விட்டு எழுந்து போய் அவள் பக்கத்தில் சேர்ந்து நடப்பாள். அந்த நடைக்கு அர்த்தம் வர, முதலில் அவள் எவ்வளவு தனியாக இருந்தாள் என்பது தெரிய வேண்டும்.

எங்கள் மூத்த எடிட்டர் ஒரு மலாய் அம்மா. எல்லாரும் 'காக்' (மலாயில் அக்கா) என்று கூப்பிடுவோம், முக்காடு போட்டவர், ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். அவர்தான் வழி சொன்னார். வெட்ட வேண்டாம், படத்தைப் பெரிதாக்கி முகம் மட்டும் தெரிகிற மாதிரி வை. பெரிதாக்கினால் படம் கொஞ்சம் பொரிப்பொரியாகத் தெரியும், இருந்துவிட்டுப் போகட்டும். அப்படியே செய்தோம். முகங்கள் நெருங்கி வந்ததில் காட்சி மூலத்தைவிடக் கொஞ்சம் கனமாகவே ஆனது என்று எனக்கொரு எண்ணம், எடிட்டர் புத்தி அப்படித்தான் சொல்லும். ஆன்ட்டி பார்த்தார், மறுபடி ஓட்டச் சொன்னார், பட்டியலில் அந்த வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் வாங்கப் போனார்.

சரி, இவ்வளவு பட்டியலுக்கும் நடுவில் எங்கள் அறையை உண்மையில் கலக்கிய காட்சி எது தெரியுமா? கடன்.

அதே நான்காம் பருவத்தில் கேரியும் எய்டனும் பிரிந்துவிடுகிறார்கள். கேரி குடியிருக்கும் வீட்டை எய்டன் ஏற்கெனவே வாங்கியிருந்தான். இப்போது அவள் அதை விலை கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். கையில் சேமிப்பு என்று சொல்ல எதுவும் இல்லை, வங்கி கடன் தர மறுக்கிறது. செருப்புக் கடையில் நின்றுகொண்டு மிராண்டா கணக்குப் போடுகிறாள்: ஜோடி 400 டாலர், நூறு ஜோடி, ஆக 40,000 டாலர் காலில் போயிருக்கிறது. பிறகு காப்பிக்கடை. மிராண்டாவும் சமந்தாவும் நான் தருகிறேன் என்கிறார்கள். நால்வரில் வசதியான ஷார்லட் வாயே திறக்கவில்லை. கேரி நேராக அவள் வீட்டுக்குப் போய், ஏன் நீ மட்டும் கேட்கவில்லை என்று சண்டை பிடிக்கிறாள். உன் பணக்கஷ்டத்தைத் தீர்ப்பது என் வேலை இல்லை என்கிற பொருள்பட ஷார்லட் சொல்கிறாள். கடைசியில், முறிந்துபோன தன் கல்யாணத்தின் நிச்சயதார்த்த மோதிரத்தை எடுத்துக் கேரியிடம் கொடுக்கிறாள், கடனாக.

உடம்பு இல்லை, கெட்ட சொல் இல்லை, சிகரெட்டும் இல்லை. ஆன்ட்டியின் தாளில் அந்த நிமிடங்கள் வெள்ளையாக இருந்தன. எங்கள் அறையிலோ சண்டை மூண்டுவிட்டது. ஷார்லட் செய்தது சரி என்று ஒரு கட்சி. பெண்களுக்குள் காதலைப் பற்றி எதையும் பேசலாம், சம்பளத்தைப் பேசக்கூடாதா என்று இன்னொரு கட்சி. எல்லாவற்றுக்கும் மேலே வீட்டு விவகாரம். சிங்கப்பூரில் கல்யாணமாகாதவர்கள் தனியாக வீவக வீடு, அதாவது அரசு வீடமைப்புக் கழகத்தின் வீடு வாங்க 35 வயதாக வேண்டும். அந்த அறையில் அதற்காகக் காத்திருந்தவர்கள் உண்டு. நிச்சயம் முறிந்ததால் முன்பதிவு செய்த வீட்டை விட்டுக்கொடுத்தவள் ஒருத்தி இருந்தாள். "இவளுக்கு மோதிரம் கொடுக்க ஆள் இருக்கு, எனக்கு வயசுதான் ஆகணும்" என்றாள் அவள், திரையைப் பார்த்தபடியே. படுக்கையறைக் காட்சிகளைச் சாப்பிட்டுக்கொண்டே வெட்டித் தள்ளிய கூட்டம், இந்தக் காட்சிக்கு நாடாவை நிறுத்திவிட்டுப் பேசியது.

காக் மட்டும் மோதிரத்தின் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தார். டிஃபனி நகைக்கடை மோதிரம், முன்பணத்துக்குப் போதும் என்றால் எவ்வளவு இருக்கும், அதை அடகு வைத்தாளா விற்றாளா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஷார்லட்டுக்கு அது எப்போது திரும்பக் கிடைத்தது என்றும் கேட்டார். அதைப் பற்றிக் கதையில் யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை என்றதும் அவருக்கு வந்ததே கோபம், எழுதியவர்களைத் திட்டித் தீர்த்துவிட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குச் சில்லறை இல்லாவிட்டால் பக்கத்து மேசையில் பத்து வெள்ளி கைமாற்று வாங்கிக்கொள்வது எங்களுக்குள் சாதாரணம். அன்றைக்கு எல்லாரும் கீழே போய், தானியங்கி இயந்திரத்தில் பணம் எடுத்துக்கொண்டுதான் சாப்பிடப் போனோம்.