கொறங்காட்டுப் புல்லுக்கும் ஆராய்ச்சி வேண்டும்

பெங்களூரு ஆடுகோடியில் தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனத்தைக் கடக்கும்போதெல்லாம், காங்கேயத்துக் கொறங்காடுகளின் நினைவு வருகிறது. கிளுவை வேலிக்குள் வெள்வேல மரங்கள் நிற்கும் அந்த மானாவாரி மேய்ச்சல் நிலங்களுக்குக் கொழுக்கட்டைப் புல்லே உயிர்நாடி. அதன் கதிரை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தால், விதையென்று நாம் எண்ணுவது மென்மயிர் சூழ்ந்த உறை மட்டுமே என்பதும், பல உறைகளுக்குள் மணியே இல்லை என்பதும் தெரியவரும்.

இப்புல்லில் பெரும்பாலும் கருவுறாமலேயே விதை உண்டாவதால், ஒவ்வொரு நாற்றும் தாய்ச்செடியின் நகலாகவே முளைக்கிறது. நல்ல குணம் தலைமுறை தாண்டியும் மாறாது என்பது உழவருக்கு நன்மை; ஆனால், இரண்டு செடிகளின் குணங்களை ஒன்றில் சேர்க்க முயலும் ஆய்வாளருக்கு அதுவே பெருந்தடை. பாலினப் பெருக்கத்துக்கு உகந்த அரிய செடியொன்று டெக்சாஸில் கிடைத்த பிறகே கலப்பினத்துக்கு வழி பிறந்தது.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-4 போன்ற, கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து உருவாக்கிய கம்பு நேப்பியர் தீவனப்புல் ரகங்களை ஒசூர், ஆனேக்கல் பக்கத்துப் பால் பண்ணையாளர்கள் நன்கறிவார்கள். விதை பிடிக்காத அந்தக் கலப்பினத்தைக் கரணை வைத்தே பெருக்க வேண்டும். பாசனமும் உரமும் தாராளமாக வேண்டும். கிணறு வற்றிய நிலத்துக்கு அது தீர்வாகாது.

மானாவாரிப் புல்லை மகசூலை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது போதாது என்று உறுதியாகக் கருதுகிறேன். கடும் மேய்ச்சலுக்கும் கோடைக்கும் பிறகு எந்தத் தூர் மீண்டும் தழைக்கிறது, காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் முயல் மசால் என்னும் பயறுவகைத் தீவனச் செடியோடு அது எப்படி இணைந்து வளர்கிறது என்பனவற்றை, ஆடுமாடுகள் மேயும் நிலத்திலேயே பல பருவங்கள் சோதித்துப் பார்க்க வேண்டும்.