மலையை அடைப்பதா, திறப்பதா?

ஃபேண்டஸி ஸ்ட்ராட்டஜி கேமுக்கு வரைபடம் போடும் குழுக்களில் தீராத வழக்கு ஒன்று உண்டு: மலைக் கட்டத்தில் (கட்டம் என்பது வரைபடத்தைப் பிரிக்கும் சிறு சதுரம் அல்லது அறுகோணம்) படை ஏறலாமா, கூடாதா? போர் விதிகளைக் கவனிக்கும் டிசைனர் ஏறலாம் என்பார். ஏஐ, அதாவது கணினி ஆடும் எதிரியின் மூளையை எழுதும் புரோகிராமர் கூடவே கூடாது என்பார். கதை எழுதுபவருக்குக் குள்ளர்களின் சுரங்க நகரத்துக்கு ஓர் இடம் கிடைத்தால் போதும். மூவரும் மனத்தில் வைத்திருப்பது மூன்று வேறு மலைகள். ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஒரு கட்டம் எத்தனை கிலோமீட்டர் என்பதுதான்.

கட்டம் 50 கிலோமீட்டர் என்றால், முழுக்க அடைபட்ட மலை என்பது இயற்கையில் அரிது. அந்த அகலத்துக்குள் எங்காவது ஒரு கணவாய் இருக்கும். ஆனால் கடப்பதற்கு விலை உண்டு. கி.மு. 218இல் கார்த்தேஜ் தளபதி ஹானிபல் யானைகளோடு ஆல்ப்ஸைத் தாண்டியதை பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதியிருக்கிறார். அவர் கணக்கில், ரோன் ஆற்றைக் கடந்தபோது 38,000 காலாட்களும் 8,000க்கு மேற்பட்ட குதிரைவீரர்களும் இருந்தார்கள். இத்தாலிச் சமவெளியில் இறங்கியபோது எஞ்சியவர்கள் 20,000 காலாட்களும் 6,000 குதிரைவீரர்களும். மலையேற்றத்துக்கு ஆனது 15 நாள். 1800இல் நெப்போலியனின் படை 2,469 மீட்டர் உயரமுள்ள பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாயைக் கடந்தபோது, பீரங்கிகளைக் கழற்றி, குழல்களைக் குடைந்த மரத்தண்டுகளில் வைத்து இழுத்துப் போனார்கள். இரண்டு படைகளும் போனது கணவாய் வழியே. சிகரத்தின் மேல் யாரும் ஏறவில்லை. 'ஹானிபல் போனாரே, எங்கள் யானை ஏன் போகக் கூடாது' என்று கேட்கும் ஆட்டக்காரருக்கு இந்த வேறுபாடே பதில்.

கட்டம் சில நூறு அடிதான் என்றால் கணக்கு மாறும். 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' என்ற கணினி ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். அதில் மனிதக் காலாட்படை ஒரு மலை அறுகோணத்தில் நுழைய 3 நகர்வுப் புள்ளி (ஒரு முறை ஆடும்போது படை நகரச் செலவழிப்பது). ஏறிவிட்டால் 60% தற்காப்பு (எதிரியின் அடி தவறும் வாய்ப்பு), சமவெளியிலோ 40%. குள்ளர்களுக்கு மலையில் 70%, சமவெளியில் 30%. குதிரைப்படைக்கு மலை மூடப்பட்டிருக்கிறது. இங்கே மலை ஒரு கோட்டை போல. அதை முழுக்க அடைத்தால் விளையாட்டில் பாதி சுவை போய்விடும். பேரரசு அளவிலான ஆட்டத்துக்கு இதே விதியைக் கொண்டுபோனால் மட்டும் சொதப்பும்.

எங்கே சொதப்புகிறது என்றால், நகர்வுக் கணக்கில். சமவெளிக்கு 1, மலைக்கு 3 என்று வைத்து, 'முழுப் புள்ளி இருந்தால்தான் நுழையலாம்' என்பது விதியானால், 3, 4, 5 புள்ளி உள்ள யூனிட்கள் (படைப்பிரிவுகள்) எல்லாம் மலையில் திருப்பத்துக்கு, அதாவது ஆடும் ஒரு முறைக்கு, ஒரே ஒரு கட்டம்தான் நகரும். வேகத்துக்கு விலை கொடுத்து வாங்கிய யூனிட்டும் சாதாரண ஈட்டிக்காரனும் சமம். விதியைத் தளர்த்தி 'ஒரு புள்ளி மிச்சமிருந்தாலும் நுழையலாம்' என்றால், 4 புள்ளிக்காரர் இரண்டு மலைக் கட்டம் ஏறிவிடுவார். அதோடு தந்திரமும் வரும்: சமவெளியில் நடந்து, கடைசிப் புள்ளியில் மலைக்குள் காலை வைப்பது. ஒரு கட்டம் அகலமே உள்ள மலைத்தொடர் அப்படி ஆடுபவருக்கு வெறும் 1 புள்ளி. 3 என்று எழுதியது காகிதத்தோடு சரி. அளவுகோலைப் பெரிதாக்குவதே வழி. 1999இல் வந்த 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3' சமவெளிக் கட்டத்துக்கு 100 வைத்து, கரடுமுரடுக்கு 125, மணலுக்கும் பனிக்கும் 150, சதுப்புக்கு 175 என்று பிரித்தது. மலையை மட்டும் வெறும் தடையாக வைத்து, பறக்கும் மந்திரம் போன்ற அரிய வழிகளுக்கு ஒதுக்கியது. விலை போட வேண்டிய நிலத்துக்கு நுணுக்கமான விலை, அடைக்க வேண்டியதற்கு முழு அடைப்பு. பேரரசு அளவில் இதுதான் சரி என்பது என் கட்சி.

அடைப்பதும் எளிதில்லை. சதுரக் கட்ட வரைபடத்தில் குறுக்காக நகர அனுமதி இருந்தால், மூலைவிட்டமாக ஓடும் மலைத்தொடர் ஓட்டையாக இருக்கும்; இரண்டு மலைகளின் மூலை தொடும் இடத்தில் படை நழுவிப் போய்விடும். பார்வைக்குச் சுவர், கணக்கில் வேலி கூட இல்லை. ஒவ்வொரு மூலைத் தொடுப்பிலும் கூடுதலாக ஒரு மலைக் கட்டம் வைக்க வேண்டும், அல்லது இரு மலைகளுக்கிடையே குறுக்கு நகர்வைத் தடுக்க வேண்டும். அறுகோணத்தில் மூலை நகர்வே இல்லாததால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதே காரணத்தால் அங்கே நிலம் சட்டென்று துண்டாகும். மலைகளைத் தனித்தனியாகச் சிதறவிட்டால், அறுகோண வரைபடத்தில் சரிபாதிக்கு மேல் மலையானால்தான் நிலத்தின் தொடர்ச்சி அறும். நாய்ஸ் (இயற்கைபோல் ஏறி இறங்கும் தற்செயல் எண்கள்) கொண்டு தொடராக வளர்த்தாலோ, அதில் சிறு பங்கு மலையே ஒரு ராஜ்யத்தை மூலையில் அடைத்துவிடும். அதனால் வரைபடம் உருவானதும் ஒவ்வொரு தலைநகரிலிருந்தும் ஃப்ளட் ஃபில் (வெள்ளம்போல் பக்கத்துக் கட்டங்களுக்குப் பரவும் கணக்கு) ஓட்டி, எட்டக்கூடிய கட்டங்களை எண்ணாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஒரே கட்ட அகலக் கணவாய் ஒன்றுதான் வழி என்றால், அங்கே கோட்டை கட்டி நல்ல யூனிட் ஒன்றை உட்கார வைத்தவர் ஆட்டம் முடியும்வரை அசைய மாட்டார். ஏஐ படைகள் வாசலில் வரிசை கட்டி, ஒவ்வொன்றாக வந்து மடியும். இரண்டு தலைநகரங்களுக்கிடையே ஒன்றையொன்று தொடாத இரண்டு வழிகளாவது வேண்டும். ஒரு கணவாய் இரண்டு மூன்று கட்ட அகலம் இருக்கட்டும், மற்றது குறுகலாகவும் நீளமாகவும் இருக்கட்டும். எந்த ஒரு கட்டத்தை எடுத்தால் வரைபடம் பிரிகிறது என்பதைக் கண்டுபிடிக்க கணினி அறிஞர் டார்ஜனின் அல்காரிதம் ஒரே ஓட்டத்தில் போதும்.

ஏஐ பற்றி இரண்டே விஷயம். 'நுழைய முடியாது' என்பதை 99 போன்ற பெரிய விலையாக எழுதி, அதைத் தனியாகச் சோதிக்காமல் விட்டால், வேறு வழி இல்லாதபோது பாதைதேடல் அந்த 99ஐயும் கூட்டி மலைக்குள் வழி சொல்லும். அடைப்புக்குத் தனிக் கொடி (ஆம்/இல்லை என்ற குறி) வேண்டும். இன்னொன்று: சாலையின் விலை அரைப் புள்ளியாக இருக்க, பாதைதேடும் முறையான ஏ-ஸ்டார் மீதித் தூரத்துக்குப் போடும் மதிப்பீட்டைக் கட்டத்துக்கு 1 என்று வைத்தால், சுற்றிப் போகும் நல்ல சாலை கண்ணில் படாமல் போகும். மலையைச் சுற்றும் வழிகளில்தான் இந்தப் பிழை முதலில் தலைகாட்டும்.

ஃபேண்டஸி என்பதால் பறப்பவை வந்தே தீரும். நிலப்படை ஏற முடியாத மலைமேல் கிரிஃபின் (கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்கு) ஒன்று இறங்கி உட்கார்ந்தால், அம்பு எய்யாத எதிரியால் அதைத் தொடவே முடியாது; தினம் இறங்கிக் கொள்ளையடித்துவிட்டு மேலே போய்விடும். கடக்கலாம், ஆனால் திருப்பத்தை அங்கே முடிக்கக் கூடாது என்பது ஒரு தீர்வு. தங்கினால் அடி என்பது இன்னொன்று. 'சிவிலைசேஷன் 5'இல் கார்த்தேஜ் மலை கடக்கும் சலுகை பெற்றதும், மலையில் திருப்பத்தை முடிக்கும் யூனிட் 100இல் 50 உயிர்ப்புள்ளி இழப்பது இந்த வகை. மந்திரத்தால் பறப்பவருக்கு நடுமலையில் மந்திரம் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் எங்கும் நகர முடியாத படை ஒன்று ஆட்டம் முடியும்வரை சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டு நிற்கும்.

அடைத்த மலை கடைசிவரை அடைத்தே இருக்க வேண்டும் என்றும் இல்லை. 'சிவிலைசேஷன் 6' பின்னர் ராணுவப் பொறியாளர்களால் சுரங்கப்பாதை குடைய விட்டது. 'டொமினியன்ஸ்' வரிசை மலையைக் கட்டமாக வைக்காமல் இரண்டு மாகாணங்களுக்கிடையிலான எல்லையாக வைத்தது. குளிர் கடுமையானால் அந்தக் கணவாய் மூடும். இந்த இரண்டாவது வழி எனக்குப் பிடித்தமானது. நிலம் வீணாவதில்லை, ஏஐக்கும் அது வெறும் ஒரு தொடர்பை எடுப்பதும் சேர்ப்பதும்தான். செய்பவர்கள் கவனிக்க வேண்டியது: கணவாய் மூடும் நாளில், சேமித்துவைத்த பாதைகள் அனைத்தையும் கழிக்க வேண்டும். கட்ட வரைபடத்தில் இதைச் செய்தால், மூடல் நுழைவுக்கு மட்டும் பொருந்த வேண்டும். உள்ளே சிக்கிய படை வெளியேறலாம்.

திரையில் கணவாய் தெளிவாகத் தெரிய வேண்டும். அழகான முப்பரிமாணச் சிகரம் பின்னால் உள்ள கட்டத்தை மறைத்தால், ஆட்டக்காரருக்கு அந்த வழி இல்லாததற்குச் சமம். சிகரத்தின் உயரத்தைக் குறைக்க ஆர்ட்டிஸ்ட் மறுப்பார். அப்போது கணவாய்த் தரைக்கு வேறு நிறம் கொடுத்து, படையைத் தேர்ந்தெடுத்ததும் எட்டக்கூடிய கட்டங்களை மலைக்கு மேலாகவே வரைந்து காட்டுங்கள்.