வாட்டம் பார்த்து அடி, மாப்ள

வத்தலக்குண்டில் எங்களோடு படித்த ஒருவன் டல்லாஸில் இருக்கிறான். ஊருக்கு வந்தால் வழக்கமாக ஒரு பரோட்டாக் கடையில் கூடுவோம், கடையைக் கழுவி விடும்வரை பேசுவோம், யார் காசு கொடுப்பது என்று சண்டை போட்டுக் கலைவோம். இந்தத் தடவை வாட்ஸ்அப்பில் வேறு மாதிரி அறிவித்தான்: “கொடைக்கானல்ல கோல்ஃப் ஆடுறோம். காலர் வச்ச சட்டை, பேண்ட், ஷூ. வேட்டி வேண்டாம்.” கடைசி வரி யாருக்கு என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வேட்டிக்காரனுக்கு நாங்கள் வைத்த பெயர் பண்ணையார். உண்மையில் இருப்பது நாலு ஏக்கர் தென்னை, அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் மல்லி. கல்யாண வரவேற்புக்குப் பிறகு அவன் பேண்ட் போட்டு யாரும் பார்த்ததில்லை. மகனுடைய பேண்ட்டை மாட்டிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்தபடியே வந்து காரில் ஏறினான். நாலாவது ஆள் வாத்தியார். இவன் நிஜமாகவே வாத்தியார், அதிலும் இப்போது தலைமையாசிரியர்.

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. பில்லர் ராக் போகிற வழியில், 18 குழிகளோடு மேடும் பள்ளமுமாகப் பச்சைப்பசேலென்று கிடக்கிறது. டல்லாஸ்காரனுக்குத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் மூலம் அனுமதி வாங்கியிருந்தோம். சின்ன வயசில் அந்த வேலியோரமாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறோம். உள்ளே போகலாம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

பையைத் திறந்து கம்புகளைக் காட்டினான் டல்லாஸ்காரன். ஒருத்தர் அதிகபட்சம் 14 வைத்துக்கொள்ளலாமாம். “ஒரு பந்தை அடிக்க இத்தனையா?” என்றான் பண்ணையார். எது எதற்கு என்று அவன் விளக்க ஆரம்பித்ததும் வாத்தியார் கொட்டாவி விட்டான். வகுப்பில் பிள்ளைகளிடம் தினமும் பார்த்துப் பழகிய கொட்டாவி.

ஒருத்தர் அடிக்கும்போது மற்றவர்கள் மூச்சுக் காட்டக் கூடாது என்பது கோல்ஃப் மரியாதை. எங்களுக்குச் சொல்லியும் இருந்தான். அவன் தோளைச் சரி செய்து, முட்டியை மடக்கி, கம்பை ஓங்கிய அந்த நொடியில் வாத்தியார் கேட்டான்: “ஏன்டா, உங்க பெரியம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் பண்ணாங்களே, இப்ப நல்லா நடக்குறாங்களா?” பந்து நேராக மரங்களுக்குள் போய்விட்டது.

தேட 3 நிமிடம்தான் அவகாசம். 2019-க்கு முன்னால் 5 நிமிடம் இருந்ததாம். பந்து என்ன விலை என்று விசாரித்தான் பண்ணையார். நாலு டாலர் என்றதும் மனக்கணக்குப் போட்டான். முகம் மாறியது. “முந்நூறு ரூவாய்க்கு மேல வருதேடா!” என்று உள்ளே போனவன், 3 நிமிடத்தையெல்லாம் பொருட்படுத்தாமல் தேடிவிட்டு மூன்று பந்துகளோடு வந்தான். எதுவும் எங்களுடையது இல்லை.

அடிப்பதில் நாங்கள் மூவரும் ஒரே லட்சணம். நான் அடித்தது பக்கவாட்டில் போனது, வாத்தியார் அடித்தது காற்றை. பண்ணையாருக்கு மண்வெட்டி பிடித்த கை, ஒவ்வொரு அடிக்கும் ஒரு பத்தை புல் மண்ணோடு பெயர்ந்து வந்தது. ஆனால் யாரும் சொல்லாமலே அதை எடுத்து அதே இடத்தில் வைத்து, காலால் மிதித்துவிட்டுத்தான் நகர்ந்தான். பை தூக்கி வந்த அண்ணன் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

குழி இருக்கும் வழவழப்பான புல்தரைக்கு வந்தபோதுதான் கதை மாறியது. குழியின் அகலம் நாலேகால் அங்குலம். டல்லாஸ்காரன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான், ஒரு கண்ணை மூடினான், எழுந்து எதிர்ப்பக்கம் போய் மறுபடி உட்கார்ந்தான்.

“வாட்டம் அந்தப் பக்கம்டா,” என்றான் பண்ணையார். “மழை பெஞ்சா தண்ணி அந்த மூலைக்குத்தான் ஓடும்.”

“மாப்ள, பேசாம இரு.”

அடித்தான். பந்து தண்ணீர் ஓடும் என்று சொன்ன மூலைக்கே போய் நின்றது. பண்ணையார் தன் முறைக்கு, குழியைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்து லேசாகத் தட்டினான். பந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, வளைந்து, நிதானமாக உள்ளே விழுந்தது. முப்பது வருஷமாக மடை திறந்து பாத்திக்குப் பாத்தி தண்ணீர் விட்டவன். “இவருக்கு நிலம் பேசுது சார்,” என்றார் அண்ணன். அதற்கப்புறம் ஒவ்வொரு குழியிலும் பந்தயம், குழிக்கு ஒரு செட் பரோட்டா.

நடுவழியில் காட்டுமாடு குறுக்கே வந்தது. ஒன்றில்லை, கூட்டமாக. கொடைக்கானலில் இது சாதாரணம், ஆனாலும் ஒரு டன் எடையுள்ள கிடா, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நின்றுகொண்டு, டல்லாஸ்காரனின் பந்துக்குப் பக்கத்தில் மேயும்போது சாதாரணமாகத் தெரியவில்லை. ஆபத்தான விலங்கு இருந்தால் அபராதம் இல்லாமல் பந்தை வேறு இடத்தில் வைத்துக்கொள்ள விதி இருக்கிறது. பாம்பு, கரடி எல்லாம் அதில் சேர்த்தி என்று அவன் விளக்கினான். “அந்த விதி அதுக்குத் தெரியணுமே சார்,” என்றார் அண்ணன். அசையாமல் நில்லுங்கள் என்றும் சொன்னார். நின்றோம்.

நகர முடியாமல் நிற்கும்போது மனுஷன் என்ன செய்வான்? பேசுவான். பத்தாவதில் கணக்கு வகுப்பைக் கட் அடித்து மஞ்சளாறு அணைக்கு சைக்கிளில் போன கதை கிளம்பியது. யாரோ போட்டுக் கொடுத்து, டல்லாஸ்காரன் அவன் அப்பாவிடம் பெல்ட்டால் வாங்கிய அடி எங்கள் தெருவே அறிந்தது. போட்டுக் கொடுத்தது யார் என்பது மட்டும் இன்றுவரை தெரியாது.

“நான்தான்டா,” என்றான் வாத்தியார்.

யாரும் பேசவில்லை. மாடு மட்டும் மென்றுகொண்டிருந்தது.

“எனக்கு சைக்கிள் இல்ல. கேரியர்ல ஒருத்தனாவது ஏறச் சொன்னீங்களா?”

“நாயே, அதை மாட்டு முன்னாடி வச்சா சொல்லுவ? துரத்தி அடிக்கக்கூட முடியாதே!” என்று பல்லைக் கடித்தான் டல்லாஸ்காரன். கை தானாக உயர்ந்தது.

“சார், கம்பை இறக்குங்க,” என்றார் அண்ணன் மெதுவாக. “மாடு பாக்குது.”

அப்புறம் பனி இறங்கிவிட்டது, பந்து போகிற திசையே தெரியவில்லை. ஒன்பதாவது குழியோடு முடித்துக்கொண்டோம். அடிக்கணக்கில் டல்லாஸ்காரன்தான் ஜெயித்தான், அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பரோட்டாக் கணக்கில் பண்ணையார் எங்கள் மூன்று பேரையும் ஓட்டாண்டியாக்கியிருந்தான். மலை இறங்கும்போது முன் சீட்டை வாத்தியாருக்கு விட்டுக்கொடுத்தான் டல்லாஸ்காரன். “இனிமே உன்னை விட்டுட்டு எங்கயும் போகமாட்டோம், ராசா. எங்களுக்குக் கட்டுப்படியாகாது.”

போன வாரம் பண்ணையார் போன் செய்தான். தேங்காய் விலை, மோட்டார் ரிப்பேர் எல்லாம் பேசிவிட்டு, வைக்கப் போகிறவன் மாதிரி போய்த் திரும்பி வந்தான்: “ஏன் மாப்ள, கடைசியா தட்டுறதுக்கு ஒரு கம்பு இருந்துச்சே, அது மட்டும் தனியா விக்கிறாங்களா?”

மற்ற பதிமூன்றும் வேண்டாமாம்.