நாமக்கட்டியைத் துடைத்த பிறகு

சனிக்கிழமை காலையில் சின்னவன் எழுந்து வந்தபோது இடது கண்ணின் மேல் இமையோரத்தில் கடுகளவு சிவப்பு. தொட்டால் கத்தினான். அத்தை பார்த்துவிட்டு, "சூட்டுக் கட்டிதாம்மா, நாமக்கட்டிய ஒரசிப் போட்டா அமுங்கிரும்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். சின்ன வயதில் எனக்கே எத்தனை தடவை போட்டிருக்கிறார்கள்!

ஞாயிறு சாயங்காலம் இமை முழுசும் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. தெர்மாமீட்டரில் 101. காய்ந்து வெடித்த வெள்ளைப் பற்றுக்கு அடியில் சிவப்பு எதுவரை போயிருக்கிறது என்றே தெரியவில்லை. மெடிக்கலில் கேட்டால் சட்டென்று ஒரு சொட்டு மருந்தை எடுத்து நீட்டினார். அட்டையில் டெக்ஸாமெத்தசோன் என்று இருந்தது. டாக்டர் பார்க்காமல் கண்ணில் ஸ்டீராய்டு விடக்கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். வாங்காமல் ஆட்டோ பிடித்தேன்.

கண் டாக்டரம்மா முதலில் ஈரப் பஞ்சால் நாமக்கட்டியைத் துடைத்தார். ஒன்றும் சொல்லவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிறகு விரலால் இமையை மெல்லத் திறந்து டார்ச் அடித்தார். பேனா மூடியைக் கழற்றி, "தலைய ஆட்டாம கண்ணால மட்டும் இதைப் பிடி பார்ப்போம்" என்றார். மேலே, கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அவனுக்கு விளையாட்டு, எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நல்ல கண்ணைப் பொத்தி, சுவரில் என்ன படம் என்று கேட்டார்.

"யானை."

"வெள்ளை விழி வெள்ளையாத்தான் இருக்கு. வலியில்லாம நாலு பக்கமும் ஓடுது, முன்னால பிதுங்கல, பார்வையும் சரி. இமையோட நிக்குது."

கட்டியிலிருந்து கிருமி இமைத் தோலுக்குள் பரவியிருக்கிறதாம். இமைக்குள் மெல்லிய திரை ஒன்று உண்டு; அதற்குப் பின்னால் கண்குழிக்குள் போய்விட்டால் அட்மிஷன், ஸ்கேன், நரம்பு வழியாக மருந்து. கண்ணை அசைத்தால் வலி, விழி பிதுங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது, பார்வை மங்குவது, இதில் ஒன்று வந்தாலும் ராத்திரி ரெண்டு மணியானாலும் கிளம்பச் சொன்னார். சளி பிடித்து சைனஸில் சீழ் கட்டும் பிள்ளைகளுக்குக் கட்டியே இல்லாமலும் இது வருமாம். மூக்குக்கும் கண்குழிக்கும் நடுவே காகிதம் மாதிரி ஓர் எலும்புதான்.

ஆன்டிபயாடிக் சிரப் எழுதி, மறுநாளே கொண்டுவந்து காட்டச் சொன்னார். காட்டினோம், சிவப்பு சற்று உள்வாங்கியிருந்தது. வீட்டில் வெந்நீர் ஒத்தடம்: துணியின் சூட்டை என் மணிக்கட்டில் பார்த்துவிட்டு, பத்து நிமிஷம், நாலு வேளை. ஐந்து வயதுப் பிள்ளையைப் பத்து நிமிஷம் உட்கார வைப்பது மருந்து கொடுப்பதைவிடப் பெரிய பாடு. பிதுக்கக் கூடாது, அவனுக்குத் தனித் துண்டு.

மூன்றாம் நாள் வீக்கம் வடிந்ததும், "இனி எதுக்கும்மா மருந்து?" என்றார்கள் அத்தை. எழுதிக் கொடுத்த ஏழு நாளும் கொடுத்து முடித்தேன். முதல் வேளையை அவன் துப்பிய கறை ஹால் சுவரில் இன்னும் இருக்கிறது.