பூல் கியூ வாங்குகிறீர்களா? முன்பாதியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

கொழும்பில் பூல் மேசைக்கு வருகிறவர்களில் பலர் ஸ்னூக்கரில் கை பழகியவர்கள். 1973 இல் எம்.ஜே.எம். லாபிர் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்று வந்த நாடு இது. அந்தப் பழக்கம் இலகுவில் போகாது. அதனால் சொந்தமாகப் பூல் கியூ (பந்தை அடிக்கும் கோல்) வாங்கப் போகும்போதும் கண் தேடுவது ஆஷ் மரத்தையும், 9.5 மில்லிமீற்றர் டிப்பையும் (பந்தைத் தொடும் தோல் முனை), டிப்பைத் தாங்கும் வளையமான பித்தளை ஃபெரூலையும்தான். பூல் பந்துக்கு அது பொருந்தாது. ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ., பூல் பந்துக்கு 57.15 மி.மீ., எடையும் கூட. மெல்லிய டிப்பால் அதைத் தொடர்ந்து அடித்தால் டிப் ஓரங்களில் பிதுங்கிவிடும். பூலுக்கு வழமை மேப்பிள் ஷாஃப்ட் (கியூவின் முன்பாதி), 12 முதல் 13 மி.மீ. வரை டிப், 58 அங்குல நீளம், நடுவில் இரண்டு பாதிகளையும் திருகிப் பூட்டும் ஜொயின்ட்.

தொழிற்சாலையில் செய்யப்படும் கியூக்களில் மெக்டெர்மொட், மெஸ், பிரிடேட்டர், கியூடெக், லுகாசி போன்ற பெயர்களுக்குள்ளேயே நல்லது கிடைக்கும். ஒரே கம்பனியின் இரண்டு கியூக்களில் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு விலையாக இருக்கலாம், ஆனால் இரண்டிலும் இருப்பது ஒரே ஷாஃப்டாக இருக்கும். கூடுதல் காசு முழுவதும் பின்பாதியின் பதிப்பு வேலைக்கும் வளையங்களுக்கும் போயிருக்கும். அழகு பிடித்தால் வாங்குங்கள், அதில் பிழையில்லை. ஆனால் பந்துக்குத் தெரிவது டிப்பும் அதற்குப் பின்னுள்ள சில அங்குலங்களும் மட்டுமே. எனவே கடையில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, “இதோடு வருவது எந்த ஷாஃப்ட்?” என்பதுதான்.

வெள்ளைப் பந்தின் வலப்பக்கத்தில் அடித்தால், அது கியூ காட்டும் கோட்டில் போகாமல் சற்று இடப்பக்கம் விலகிப் போகும். இந்த விலகலைக் கூட்டுவது ஷாஃப்ட்டின் முன்முனையில் உள்ள எடை. முனை கனமாக இருந்தால் அடிக்கும் கணத்தில் அது எளிதில் விலகிக்கொடுக்காது, பந்துதான் விலகும். லோ டிஃப்ளெக்ஷன் (விலகல் குறைந்த) ஷாஃப்ட் என்று விற்கப்படுபவற்றில் முனையைத் துளைத்து வெறுமையாக்கியிருப்பார்கள், ஃபெரூலைச் சிறிதாக்கியிருப்பார்கள், விட்டத்தையும் 12.75 மி.மீ. அல்லது அதற்குக் கீழே கொண்டுவந்திருப்பார்கள். பிரிடேட்டரின் 314 ஷாஃப்ட் பத்து மேப்பிள் துண்டுகளை வட்டமாக ஒட்டிச் செய்யப்படுவது. எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் ஒரே விறைப்பு இருக்கவேண்டும் என்பதே நோக்கம். விலகல் முழுவதும் இல்லாமல் போவதில்லை, குறைகிறது. பழைய 13 மி.மீ. ஷாஃப்ட்டில் பல வருடம் ஆடியவருக்கு அந்த விலகலைக் கணக்கிட்டுக் குறிவைப்பது கையில் ஊறியிருக்கும். அவர் மாறினால் கொஞ்சக் காலம் பந்துகள் தவறும். அந்த நாட்களில் ஷாஃப்டைக் குறைசொல்லித் திரும்ப மாற்றிவிடாதீர்கள்.

காபன் ஃபைபர் ஷாஃப்ட் நம்முடைய காலநிலையில் தனியாகச் சிந்திக்கவேண்டியது. கொழும்பின் காற்றில் வருடம் முழுவதும் ஈரம். குளிரூட்டிய அறையில் ஆடிவிட்டு வெளியே வந்து, பையோடு கியூவை வெயிலில் நிற்கும் காரில் விட்டால் மேப்பிள் வளைவதற்கு அது போதும். காபன் ஈரத்துக்கு வளையாது, மேசை ஓரத்தில் தட்டினாலும் லேசில் பள்ளம் விழாது, துணியில் கொஞ்சம் அல்கஹோல் தொட்டுத் துடைத்தால் சோக் போய்விடும். ஆனால் அதன் சத்தம் வேறு, கைக்கு வரும் அதிர்வு வேறு, விலையும் பெரிது. மேப்பிளின் மென்மையான தொடுகையை விரும்புகிறவர்கள் மேப்பிளையே எடுக்கலாம். வியர்வையில் ஷாஃப்ட் பிசுபிசுத்தால் உப்புத்தாளை எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் மரம் கொஞ்சம் தேய்ந்து, கடைசியில் ஃபெரூலுக்கும் மரத்துக்கும் இடையில் படி விழுந்துவிடும். ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும்.

ஜொயின்ட்டில் எஃகா பிளாஸ்டிக்கா என்ற விவாதம் நீளும். எனக்கு அதைவிட முக்கியம் புரியின் அளவு. 3/8 × 10, 5/16 × 14, 5/16 × 18, யூனிலொக், ரேடியல் என்று பல உண்டு. முதல் எண் திருகாணியின் விட்டம் அங்குலத்தில், அடுத்தது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புரி என்பது. 5/16 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றை மற்றதில் பலவந்தமாகத் திருகினால் ஷாஃப்ட்டின் புரி அழிந்துவிடும். நாளைக்கு ஷாஃப்ட் மட்டும் மாற்ற நினைப்பவர்கள் பலருக்கும் பொதுவான புரி உள்ள கியூவையே எடுப்பது நல்லது.

நேராக இருக்கிறதா என்று பார்க்கும்போது கியூவைப் பூட்டி மேசையில் உருட்டினால் மட்டும் போதாது. முதலில் ஷாஃப்டைத் தனியாக உருட்டுங்கள், கண்ணை மேசை மட்டத்தில் வைத்து அடியில் தெரியும் வெளிச்சத்தைப் பாருங்கள். வெளிச்ச இடைவெளி ஒரே அளவாக இருந்தால் அது ஷாஃப்ட்டின் வடிவம். திறந்து திறந்து மூடினால் வளைவு. பின்பாதியையும் அப்படியே. பிறகு பூட்டி உருட்டுங்கள். இரண்டும் தனித்தனியாக நேராக இருந்து, பூட்டியபின் டிப் ஆடினால் ஜொயின்ட்டின் முகம் சரியாக வெட்டப்படவில்லை. அதை வாங்காதீர்கள். பின்முனை ரப்பரை நிலத்தில் மெதுவாகத் தட்டிக் கேளுங்கள். ரீங்காரம் வந்தால் எடைத் திருகாணியோ வளையமோ தளர்ந்திருக்கிறது. திருகாணியானால் இறுக்கினால் சரி, வளையமானால் வேண்டாம்.

எடை 19 அவுன்சில் தொடங்குங்கள். பெரும்பாலான கியூக்களில் ரப்பரைக் கழற்றித் திருகாணியை மாற்றி ஓர் அவுன்சைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். பிடிக்கு ஐரிஷ் லினன் இங்கே சீக்கிரம் அழுக்காகும். தோலோ, எதுவும் சுற்றாத வழவழப்பான பிடியோ மேல்.

இணையத்தில் பாதி விலைக்குப் பிரிடேட்டரின் காபன் ஷாஃப்டான ரெவோ என்று வருவதில் போலிகள் நிறைய. கம்பனியின் இணையதளத்தில் பெயர் உள்ள விற்பனையாளரிடமே எடுங்கள். உத்தரவாதத்தில் வளைவு அடங்குமா என்பதையும் வாசியுங்கள். அடங்கினாலும் திருப்பி அனுப்பும் செலவு பெரும்பாலும் உங்களுடையதே.

கடைசியாக டிப். புதுக் கியூவோடு வரும் டிப் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். நம்மூரில் டிப் மாற்றுகிறவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஸ்னூக்கர் அளவுதான், ஆகவே கியூவோடு சேர்த்து 14 மி.மீ. அடுக்குத் தோல் டிப் மூன்று நான்கு, நடுத்தரக் கடினத்தில், வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். பித்தளை ஃபெரூலில் கத்தியை ஒட்டிப்பிடித்து வெட்டிப் பழகிய கை, பூலின் பிளாஸ்டிக் ஃபெரூலையும் சீவிவிடும். கொடுக்கும்போதே ஃபெரூலைச் சுற்றி டேப் ஒட்டிக்கொடுங்கள். காபன் ஷாஃப்ட் என்றால் அதில் உப்புத்தாள் படவே கூடாதென்றும் சொல்லிவிடுங்கள். பிரேக் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி) அடிக்க மட்டும் கிளப்பின் கியூவை எடுங்கள். முழு வேகத்தில் விழும் அந்த அடி ஃபெரூலை வெடிக்கச் செய்யும், அடுக்கு டிப்பையும் நசுக்கிக் கடினமாக்கிவிடும்.