பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு: வீட்டாருக்கான நாட்குறிப்பு

மே 6

ராணிப்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து கணவர் வரத் தாமதம், போனும் எடுக்கவில்லை. அதற்குள் மனைவியிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால். "இனி வீட்டுக்கு வராதே" என்று ஒரு மெசேஜ், அடுத்த நிமிடமே "விட்டுட்டுப் போயிடாதே" என்று இன்னொன்று. வீட்டார் இதைத் திமிர் என்பார்கள். அடியில் இருப்பது கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம். இந்தக் கோளாறுக்கு டி.எஸ்.எம். என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு சொல்லும் 9 அடையாளங்களில் முதலாவதே அதுதான். 5 அடையாளங்களாவது இருந்து, பல உறவுகளிலும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால்தான் மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்வார். ஒரு சண்டையை வைத்து யாருக்கும் முத்திரை குத்தாதீர்கள்.

மே 8

இதைப் பைபோலார் (இருதுருவ மனநிலைக் கோளாறு) என்று பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். அதில் மேனியா, அதாவது அளவுமீறிய உற்சாகமோ எரிச்சலோ, பொதுவாக ஒரு வாரமாவது நிற்கும். இதில் மனநிலை சில மணி நேரத்தில் மாறிவிடும், பெரும்பாலும் யாரோ சொன்ன ஒரு சொல்லால். இரண்டும் சேர்ந்தும் வரலாம். என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, இரவு தூங்கினாரா என்று குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

மே 13

உணர்ச்சியின் உச்சத்தில் இருப்பவரிடம் நியாயம் பேசிப் பயனில்லை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் இந்தக் கோளாறுக்காக உருவாக்கிய டி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சையில் ஒரு வழி உண்டு: மூச்சை அடக்கி, ஐஸ் போட்ட தண்ணீரில் 30 விநாடி முகத்தை அமிழ்த்துவது. இதயத் துடிப்பு இறங்கும். மே மாத வேலூரில் குழாய்த் தண்ணீரே சுடும், ஐஸ் இல்லாமல் பலிக்காது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. பலன் சில நிமிடம்தான். அதற்குள் 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடப் பழக வேண்டும்.

பிறகு பேச்சு. "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்றால் மறுபடி கொதிக்கும். "போன் எடுக்கலன்னதும் பயந்துட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். "இனிமே உடனே எடுப்பேன்" என்று கணவர் வாக்குக் கொடுக்க வேண்டாம், காப்பாற்ற முடியாது. "மிஷின்ல நிக்கும்போது எடுக்க முடியாது, ஆறரைக்கு நானே கூப்பிடறேன்" என்று சொல்லி, ஆறரைக்குக் கூப்பிட வேண்டும்.

மே 20

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது; பேச்சு சிகிச்சைதான் முதன்மை. கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து தருவார்கள். தூக்க மாத்திரை சிலருக்கு இருக்கும் கட்டுப்பாட்டையும் தளர்த்திவிடும்.

கையைக் கீறிக்கொண்டால் திட்டாமல் காயத்தைக் கழுவிக் கட்டுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆமென்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனை. குடியாத்தம், ஆரணிப் பக்கம் நிலமுள்ள வீடுகளில் பூச்சிமருந்து திண்ணையோரம் கிடக்கும். இன்றே அதை அப்புறப்படுத்துங்கள், மாத்திரை அட்டைகளையும் பூட்டி வையுங்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. இரவென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.