முப்பது மில்லிமீட்டர்

ஜூன் 3
வண்டியை 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போடலாமா என்று யோசனை. முதலில் இப்போதைய உயரம், ஃபெண்டர் விளிம்பிலிருந்து சக்கர மையம் வரை, மி.மீ.-இல்: முன் இடது 368, வலது 366, பின் இடது 372, வலது 373. டேங்க் நிறைய, உள்ளே ஆள் இல்லை, சிமென்ட் தரை. இதைக் குறித்து வைக்காமல் ஸ்பிரிங் மாற்றுகிறவர்கள்தான் பிறகு எவ்வளவு இறங்கிச்சு என்று கண்ணளவில் சண்டை போடுவது.

இடது பின்பக்கம் அந்த டொக் சத்தம்.

ஜூன் 4
மழை.

ஜூன் 6
முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) தூசி உறையைத் தூக்கி, தண்டில் ஒரு கேபிள் டை. விரலால் தள்ளினால் நகரும் இறுக்கம் போதும். ஷாக்கின் வாயை ஒட்டி நிறுத்திவிட்டால், எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு தூரம் டை மேலே ஏறி அங்கேயே நின்றுவிடும்.

செங்கோட்டையிலிருந்து புளியரை வளைவுகள் ஏறி ஆரியங்காவு போய்த் திரும்பியதும் பார்த்தால் 71 மி.மீ. நிற்கும்போது பம்ப் ஸ்டாப்புக்கு, அதாவது அமுக்கத்தின் கடைசியில் முட்டும் ரப்பருக்கு, இருந்த இடைவெளியே 62தான். கம்பெனி உயரத்திலேயே ரப்பரை 9 மி.மீ. நசுக்கியிருக்கிறது. கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள் அழுத்திக் குழைத்த தார் அப்படி. 30 இறக்கினால் மிச்சம் 32. அதற்கு மேல் ஸ்பிரிங்குக்கு வேலையில்லை, ரப்பர்தான் ஸ்பிரிங். வளைவு நடுவில் முன்பக்கம் அதில் போய் முட்டினால் டயர் பிடியை விடும், மூக்கு வெளியே ஓடும்.

ஜூன் 7
30 இறங்கினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஜூன் 9
தாழ்த்தினால் சாயாது என்பது பாதிப் பொய். இந்த வண்டியின் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட். அதில் சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை, அதாவது பால் ஜாயின்ட் பக்கம், இப்போது சற்றுத் தாழ்ந்து நிற்கிறது. வண்டி இறங்க இறங்க அது மட்டமாகும், பிறகு வெளிமுனை மேலே போகும். அந்த நிலையில் ரோல் சென்டர், அதாவது வண்டி சாயும்போது சுற்றும் புள்ளி, எடை மையத்தைவிட வேகமாகக் கீழே ஓடும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடினால் சாய்க்கிற நெம்புகோல் நீளுகிறது என்று அர்த்தம். காசு கொடுத்து வாங்கிய ஸ்பிரிங் கடினத்தில் ஒரு பங்கு இந்த நஷ்டத்தை அடைக்கவே போய்விடும்.

ஷாக் கணக்கு தனி. ஸ்பிரிங் 30 சதவீதம் கடினமானால் ஷாக்கின் தணிப்பு சுமார் 14 சதவீதம் ஏற வேண்டும், வர்க்கமூலக் கணக்கு. பழைய ஷாக்மேல் புது ஸ்பிரிங் ஏற்றினால் ஒரு மேட்டுக்கு இரண்டு துள்ளல்.

ஷாக்குகளில் பில்ஸ்டைன் பி6 கம்பெனி உயரத்துக்கு. பி8 குட்டை, தாழ்த்தும் ஸ்பிரிங்குக்கென்றே செய்தது. கோனி ஸ்பெஷல் ஆக்டிவ் வேறு வழி: வேகமான சின்ன அதிர்வில் இளகிக் கொடுக்கும், வண்டி உடம்பின் மெதுவான அசைவில் இறுகும். நாள் முழுக்க ஊருக்குள் ஓடும் வண்டிக்கு அதுதான் என் ஓட்டு. இந்தச் சாலைக்கு பி6.

டொக் இரண்டு முறை. ஸ்பீட் பிரேக்கரில் இல்லை, சின்னப் பள்ளத்தில் மட்டும்.

ஜூன் 12
டயர்: 195/55 ஆர்16-க்குப் பதில் 195/60 ஆர்15. பக்கச் சுவர் 107-லிருந்து 117. விட்டம் 621-லிருந்து 615. ஸ்பீடோ ஒரு சதவீதம் கூடக் காட்டும், அவ்வளவுதான். பிரேக் காலிப்பருக்கு இடம் இருக்கிறதா என்று ஒரு ரிம்மைக் கடன் வாங்கி மாட்டிப் பார்க்காமல் நான்கு வாங்கக் கூடாது.

ஜூன் 14
தாழ்ந்த வண்டி கேரள எல்லை செக்போஸ்ட்டில் முதலில் கண்ணில் படும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்து, கம்பெனி விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று சொன்ன தீர்ப்பும் கேரளாவிலிருந்து போன வழக்கில்தான். 30-க்கு எதிராக இன்னொன்று. ஏன் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்?

ஜூன் 16
பார்சல் வரவில்லை.

ஜூன் 17
பார்சல் வரவில்லை. பின்னுக்கு ஆன்டி ரோல் பார் (சாய்வைத் தடுக்கும் கம்பி) வேண்டாம். இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் டுவிஸ்ட் பீமே முறுகி அந்த வேலையைச் செய்கிறது. இன்னும் இறுக்கினால் சாரல் நனைத்த இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டவுடன் வால் முன்னே வரப் பார்க்கும்.

ஜூன் 21
பி6 மாட்டியாயிற்று. மேல் நட்டுக்கு இம்பாக்ட் கன் கூடாது. தண்டு சேர்ந்து சுற்றினால் சீல் போச்சு. தண்டின் தலையை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பானர். ஸ்ட்ரட்டின் அடியைக் கவ்வும் நக்கிள் பின்ச் போல்ட் புதுசு.

"லோயர் ஆர்ம் போல்ட்ட இறுக்கிரவா, அண்ணாச்சி?"

"பொறுடே. வண்டி தரையில உக்காரட்டும்."

தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் ரப்பர் அந்தக் கோணத்திலேயே கடிபட்டுப்போகும். இறக்கியதும் முறுகியே நிற்கும், சில மாதத்தில் கிழியும். புது ஷாக் மாற்றியும் சத்தம் என்று வரும் புகாரில் பாதி இதுதான்.

பழைய பின் இடது ஷாக்கின் மேல் ரப்பர்: கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு பிளவு வாய் திறந்து மூடுகிறது. ஓரத்தில் கறுப்புத் தூள், நடுவில் இரும்பு உரசிய பளபளப்பு. இவ்வளவுதானா நீ.

ஜூன் 22
முன் டோ (சக்கரம் உள்ளே வெளியே பார்க்கும் கோணம்) மட்டும் சரிசெய்தது. பின் பீமில் டோவுக்கும் திருகு இல்லை, கேம்பருக்கும் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) இல்லை.

ஜூன் 24
முன் இடது 373. புது ஷாக்கின் வாயு அழுத்தம் 5 மி.மீ. தூக்கியிருக்கிறது. பம்ப் ஸ்டாப்புக்கு இப்போது 67. அதே ஆரியங்காவு, அதே டை: 55. பின்னால் சத்தம் இல்லை.

12 மிச்சம் இருக்கிறது. 30 வேண்டாம், 12 மட்டும் இறக்கினால்